வீட்டில் பீர் போடலாமா? பக்கெட் வாங்கும் முன் கொஞ்சம் யோசிக்க...

வீட்டிலேயே பீர் செய்வது எப்படி என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு சாமான் பட்டியல். மூடி போட்ட 20 லிட்டர் பக்கெட். மூடியில் செருக ஏர்லாக் என்கிற சின்னக் குழாய். ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், சைபன் டியூப், பாட்டிலுக்கு மூடி அடிக்கும் கருவி. அப்புறம் மால்ட் சாறு, ஈஸ்ட் பாக்கெட், கிருமி நீக்கும் திரவம். லண்டனிலோ சிகாகோவிலோ இருக்கிற ஒருவர் இதை ஒரே பெட்டியாக வாங்கி வந்து, சனிக்கிழமை மதியம் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவார். மூன்று நாலு வாரத்தில் பீர் தயார்.

சரி, விருதுநகரிலோ சாத்தூரிலோ சிவகாசியிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் அதே வீடியோவைப் பார்த்துவிட்டு அதே பெட்டிக்கு ஆர்டர் போட்டால் என்ன ஆகும்?

மூன்று விஷயம் குறுக்கே வரும். ஒன்று சட்டம். இரண்டாவது வெயில். மூன்றாவது, பட்டாசு ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாத ஒன்று: மூடிய பாத்திரத்துக்குள் அழுத்தம். இந்த மூன்றையும் பார்த்த பிறகு ஒரு முடிவுக்குத்தான் வர முடிகிறது. பட்டியலை அந்த வீடியோக்கள் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கின்றன. பக்கெட் கடைசியில் வர வேண்டியது. அளக்கத் தெரிவதுதான் முதல் சாமான். இது வேடிக்கை பார்க்கும் மாணவருக்கு மட்டுமல்ல, சட்டம் போடுகிறவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் சட்டம்

தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். சென்னை மாகாணத்தில் ராஜாஜி பிரதமராக இருந்தபோது வந்தது. அன்றைக்கு முதல்வர் பதவிக்குப் பிரதமர் என்றுதான் பெயர். அந்த வருடம் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் முதலில் அமலுக்கு வந்தது. இப்போது தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருக்கிறதே, இன்னுமா மதுவிலக்குச் சட்டம் என்று கேட்கலாம். இருக்கிறது. டாஸ்மாக் கடைகளே அந்தச் சட்டத்தின் விலக்குகளின் கீழ், உரிமத்தின் பேரில்தான் நடக்கின்றன. உரிமம் இல்லாத எல்லோருக்கும் பழைய தடை அப்படியே நிற்கிறது.

அந்தத் தடை மது தயாரிப்பதோடு நின்றுவிடவில்லை. கள் தரும் மரத்தைச் சீவுவது குற்றம். மது தயாரிப்பதற்கான மூலப்பொருள், வாலை, பாத்திரம், கருவி எதையும் வைத்திருப்பதும் குற்றம். சொந்த உபயோகத்துக்கு இத்தனை லிட்டர் வரை பரவாயில்லை என்கிற சலுகை அதில் கிடையாது. ஆகவே, பெட்டியைப் பிரித்து பக்கெட்டில் மால்ட் தண்ணீரை ஊற்றி ஈஸ்ட் தூவிய நிமிடமே அந்த மாணவர் சட்டத்தின் தவறான பக்கம் போய்விடுகிறார். ஒரு சொட்டு குடித்திருக்கவே வேண்டாம். போலீஸ் பாஷையில் அந்த பக்கெட்டுக்குள் இருப்பதற்குப் பெயர் "ஊறல்". நாளிதழில் அடிக்கடி வருகிற அதே சொல்தான்.

ஆன்லைனில் ஹைட்ரோமீட்டரும் ஈஸ்ட்டும் தாராளமாகக் கிடைக்கின்றனவே என்றால், கிடைக்கும். தனித்தனியாக அவற்றுக்கு ஆயிரம் உபயோகம் உண்டு. எதற்காக வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. விற்பனைக்கு இருக்கிறது என்பதாலேயே செய்வது சரி என்று ஆகிவிடாது. போதாததற்கு, தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21. கல்லூரியில் பாதிப் பேர் அந்த வயதைத் தொடவே இல்லை.

காய்ச்சுவதும் புளிக்க வைப்பதும்

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. அது பேச்சு வழக்கிலும் இருக்கிறது. பீர் "காய்ச்சுவது" என்கிறோம், சாராயம் "காய்ச்சுவது" என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே வேலை இல்லை.

பீர், கள், திராட்சை ஒயின் எல்லாமே நொதித்தல், அதாவது புளிக்க வைப்பது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. பீரும் கள்ளும் சாதாரணமாக 4 முதல் 6 சதவீதத்தில் நிற்கும். ஒயின் அதைவிடக் கூட. எப்படியும் ஒரு அளவுக்கு மேல் போனால் ஈஸ்ட்டே தாங்காது. சாராயம் வேறு. புளித்த ஊறலைச் சூடாக்கி, ஆவியைக் குளிர வைத்து, ஆல்கஹாலைப் பிரித்து எடுப்பது. வடிப்பது என்று சொன்னால் பொருத்தம். அதில் தீ உண்டு, தீப்பிடிக்கும் ஆவி உண்டு, ஏமாற்றிக் கலப்பதற்கு வழியும் உண்டு.

ஆனால் பெரிய சாவுகள் வந்தது இந்த இரண்டிலிருந்தும் இல்லை. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65 பேருக்கு மேல். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனால் திருட்டு வழியில் வெளியே வந்து, சாராயம் என்ற பெயரில் பாக்கெட்டுக்குள் போனது. பார்லியையோ பதநீரையோ புளிக்க வைத்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அந்த மாதமே சட்டத்தைத் திருத்தி, உயிர்ப்பலி ஏற்படுத்தும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய் அபராதமும் வரை கொண்டு வந்தார்கள். நியாயம்தான். ஆனால் மெத்தனால் டிரம்மும், பனைமரத்துக் கலயமும், மாணவரின் பக்கெட்டும் இன்னமும் ஒரே சட்டத்தின் ஒரே பிரிவுக்குள்தான் அடைபட்டிருக்கின்றன. எது கொல்லும், எது கொல்லாது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் சமூகத்துக்கு வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கலயமும் சுண்ணாம்பும்

நொதித்தலைப் புரிந்துகொள்ள விருதுநகர் மாவட்டத்துக்காரர் யூடியூப் பக்கம் போக வேண்டியதே இல்லை. கண்மாய்க் கரையில் நிற்கிற பனைமரம் போதும்.

பனையேறி பாளையைச் சீவி கலயம் கட்டுகிறார். சொட்டுச் சொட்டாக இறங்குகிற சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை. அந்த மரத்தில், காற்றில், பழைய கலயத்தில் என்று எங்கும் ஈஸ்ட் இருக்கிறது. யாரும் பாக்கெட் வாங்கித் தூவ வேண்டாம். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். அப்படியே விட்டால் கள். அதையும் விட்டுவிட்டால் வேறு பாக்டீரியா வந்து உட்கார்ந்து வினிகர்.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கதையே மாறிப்போகிறது. சாறு காரத்தன்மைக்குப் போவதால் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் வேலை ஓடாது. சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். அதுதான் பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி.

அதே மரம், அதே பாளை, அதே அரிவாள், அதே மண் கலயம். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. தமிழ்நாட்டில் கள் 1987 ஜனவரி 1 முதல் தடை. எனவே அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலாளியையும் குற்றவாளியையும் பிரிக்கிற கோடு! சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துவிடும், கூடினால் வாய் வெந்துவிடும். எந்த மீட்டரும் இல்லாமல், மரத்துக்கும் வெயிலுக்கும் தகுந்த மாதிரி அந்த அளவைப் பிடித்தவர்கள் பனையேறிகள். நொதித்தலைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று பாடம் எடுக்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்? ஆனால் அந்தத் தொழில் தேய்ந்துகொண்டே வருகிறது. மாநில மரம் என்று பேர் வாங்கிய பனை, செங்கல் சூளைக்கு விறகாகப் போனதை எல்லோரும் பார்த்தாயிற்று. சிவகாசிப் பக்கத்தில் பனைக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது: ஓலை வெடி. மருந்தைப் பனை ஓலைக்குள் மடித்துக் கட்டுகிற அந்த வெடியைச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

வெயில்

அடுத்தது வெயில். இதைப் பற்றி வீடியோக்களில் பெரிதாகப் பேச மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் அது பிரச்னையே இல்லை.

சாதாரண ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள் ஒழுங்காக வேலை செய்யும். லாகர் வகைக்கு அதைவிடக் குளிர் வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகலில் 38, 40 சர்வசாதாரணம். ராத்திரியில் வீட்டுக்குள் 30க்குக் கீழே இறங்கினால் அதிர்ஷ்டம். போதாததற்கு நொதிக்கும்போது ஈஸ்ட் தானாகவே சூட்டைக் கிளப்பும், பக்கெட்டின் உள்ளே வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். அந்தச் சூட்டில் சாதாரண ஈஸ்ட் தறிகெட்டு ஓடும். பெயின்ட் தின்னர் வாடை, தலைவலி தரும் கனத்த ஆல்கஹால்கள், காடியாகிப் போன புளிப்பு... இதுதான் மிஞ்சும்.

நார்வே கிராமங்களில் பரம்பரையாகக் காப்பாற்றி வந்த "க்வைக்" என்கிற ஈஸ்ட் 35 டிகிரிக்கு மேலும் நன்றாகவே வேலை செய்கிறது. குளிர் தேசத்து ஈஸ்ட் விருதுநகர் வெயிலுக்குப் பொருந்துகிறது என்பது வேடிக்கைதான் :-) ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இன்னொரு ஊரின் தட்பவெப்பத்துக்காகச் சேர்த்த பெட்டியை அப்படியே வாங்கி வந்து வைத்தால் அது வேலை செய்யாது. முதலில் தன் வீட்டின் சூட்டை அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தவிர வேறு தெர்மாமீட்டரே கிடையாது.

மூடிய பாட்டில்

மூன்றாவது, அழுத்தம். கணக்கு ரொம்ப எளிது. ஒரு லிட்டர் திரவத்தில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். கடையில் வாங்கும் பீரில் லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். பாட்டிலும் அதற்குத் தகுந்த கனத்தில்தான் செய்யப்பட்டிருக்கிறது. அவசரக்காரர் ஒருவர், நொதித்தல் முடியுமுன், லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை பாக்கி இருக்கும்போதே மூடி அடித்துவிட்டார் என்று வையுங்கள். உள்ளே இன்னும் 5 லிட்டர் வாயு உருவாகும். வெளியேற வழி இல்லை. வெயில் ஏற ஏற, கரைந்த வாயுவும் பிரிந்து வந்து தள்ளும். ஒரு மத்தியானம் சமையலறை அலமாரியில் "டமார்". தெறிப்பது கண்ணாடி. வெளிநாட்டில் இதற்குப் பெயரே பாட்டில் குண்டு!

இதைத் தடுக்கத்தான் ஹைட்ரோமீட்டர். அது ஒன்றும் புதிய அதிசயம் இல்லை. பால் சொசைட்டியில் பாலுக்குள் மிதக்க விடுகிற லாக்டோமீட்டரின் சகோதரன். சர்க்கரை அதிகம் என்றால் திரவம் அடர்த்தி, மீட்டர் மேலே மிதக்கும். சர்க்கரை தீரத் தீர கீழே இறங்கும். ஆரம்பத்தில் 1.050 காட்டியது 1.010க்கு வந்து, இரண்டு மூன்று நாள் அங்கேயே நின்றால் நொதித்தல் முடிந்தது, ஆல்கஹால் 5 சதவீதம் சொச்சம். இந்த ஒரு மீட்டர் இல்லாமல் பாட்டில் அடைப்பது, திரியின் நீளம் பார்க்காமல் வெடியைப் பற்ற வைப்பது மாதிரி.

பட்டாசு ஊர்களில் இது எல்லோருக்கும் பழகிய பாடம். அதே மருந்து திறந்த தாளில் கிடந்தால் புஸ்ஸென்று எரிந்து போகும். இறுக்கிச் சுற்றினால் வெடிக்கும். அதனால்தான் ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விதி இருக்கிறது. அந்த அளவுகளை மீறிய இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் போன சுமார் 40 உயிர்கள் சாட்சி. உரிமம் இருந்தால் மட்டும் போதாது, அளவு மதிக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே அது சொல்லிவிட்டுப் போனது. வீட்டுத் திண்ணையில் ஒளித்து வைத்துத் திரி உருட்டுகிற இடங்களிலும் விபத்து நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஒளிவு மறைவு வந்துவிட்டால் அளவு பார்க்க ஆள் இருக்காது.

அப்படியானால் எதில் ஆரம்பிப்பது?

ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். ஈஸ்ட், பாக்டீரியா, சர்க்கரை, சூடு, அழுத்தம் இவற்றோடு விளையாடும் ஆசை நல்ல ஆசை. உயிர் வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல ஆய்வகம் கிடையாது. ஒரு சொட்டு பீர் இல்லாமலே முக்கால்வாசிப் பாடத்தைப் படித்துவிடலாம். தேவைப்படும் சாமான்கள் இவ்வளவுதான்:

1. தெர்மாமீட்டர். திரவத்துக்குள் விடக்கூடியது. இட்லி மாவைக் கரைத்து வைத்ததும் ஒரு தடவை, பொங்கிய பிறகு ஒரு தடவை சூடு பாருங்கள். மே மாதம் எத்தனை மணி நேரத்தில் பொங்குகிறது, மார்கழியில் எத்தனை மணி நேரம் என்று எழுதி வைத்தால், சூட்டுக்கும் நொதித்தலுக்கும் உள்ள உறவு எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகப் புரியும்.

2. கிராம் கணக்கில் காட்டும் சின்னத் தராசு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு போட்டு, அதில் கேரட்டும் பீன்ஸும் மூழ்க வைத்தால் சில நாளில் புளித்த காய் கிடைக்கும். அதே வேலையை 10 கிராமிலும் 50 கிராமிலும் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். 10 கிராம் பாட்டில் பரீட்சைக்கு மட்டும், வாயில் வைக்க வேண்டாம். கைக்கணக்கு பாட்டிமாருக்குச் சரி. அவர்களுக்கு 40 வருட அனுபவம் இருந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவருக்குத் தராசுதான் பாட்டி.

3. அமிலத் தன்மை காட்டும் தாள். மாவு கரைத்தபோது 6க்கு மேல் இருப்பது, பொங்கிய பிறகு 4.5 பக்கம் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா வேலை செய்ததற்கு இதுதான் ரசீது.

4. ஹைட்ரோமீட்டர். இதைச் சர்க்கரைத் தண்ணீரில் பழகலாம். 10 கிராம் சர்க்கரையை 90 கிராம் தண்ணீரில் கரைத்தால் 1.040 அளவில் காட்ட வேண்டும். அதே கணக்கில், மீட்டர் மிதக்கும் அளவுக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். காட்டாவிட்டால் தராசு தப்பு, இல்லை பார்வை தப்பு. சீசனில் பதநீர் வாங்கி அதையும் அளந்து பாருங்கள். காலைப் பதநீருக்கும் தண்ணீர் கலந்த பதநீருக்கும் வித்தியாசம் ஒரு நொடியில் தெரிந்துவிடும் ;-)

5. நேராக நிற்கிற ஒரு கண்ணாடி டம்ளரும் ரப்பர் பேண்டும். ரொட்டி மாவைப் பிசைந்து உள்ளே வைத்து, ரப்பர் பேண்டால் மட்டத்தைக் குறித்துவிட்டு, ஈஸ்ட் எத்தனை நிமிடத்தில் மாவை இரண்டு மடங்காக்குகிறது என்று பார்க்கலாம். பன்னும் கிடைக்கும்.

6. ஒரு நோட்டு. தேதி, நேரம், சூடு, எடை, வாசனை. இதை எழுதாதவர் நூறு தடவை செய்தாலும் முதல் தடவை செய்கிறவர்தான்.

இதோடு கழுவுவதற்கும் கிருமி நீக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் பழகிக்கொள்ள வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்ப்பது அழுக்கு போக. கொதிநீரோ கிருமிநாசினியோ அடுத்த கட்டம். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் இரண்டாவது வேலை நடக்கவே நடக்காது, கீறலுக்குள் பாக்டீரியா குடித்தனம் நடத்தும்.

இவை அனைத்தும் சட்டப்படி சரி. ஒரு நுட்பமான விஷயம் மட்டும் உண்டு. இட்லி மாவில் வேலை செய்கிற லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா அமிலத்தோடு இம்மியளவு ஆல்கஹாலையும் விடுகிறது. ரொட்டி மாவில் ஈஸ்ட்டும் விடுகிறது, வேகும்போது ஆவியாகிப் போகிறது. ஆல்கஹால் உள்ள திரவமெல்லாம் மது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்தால் மாவுச் சட்டியையே சந்தேகப்பட வேண்டியதுதான். அப்படி யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் சட்டத்துக்கும் நொதித்தலைப் பற்றி இன்னும் கொஞ்சம் பாடம் பாக்கி இருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இந்தப் பக்கத்து முன்னோர்களும் இந்த வரிசையில்தான் போனார்கள். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போனது தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள. கற்று வந்த பிறகுதான் ஊரில் தொழில் ஆரம்பித்தது. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் நூறு வருடத்தைத் தாண்டியும் நிற்கிறது. பன்னாட்டுக் கம்பெனிகள் வந்து அடித்த அடியிலும் பவண்டோ இன்னமும் கடைகளில் இருக்கிறது. பாட்டிலுக்குள் வாயுவை அடைக்கிற வித்தையை அந்த ஊர் நூறு வருடமாக ஒழுங்காகச் செய்து வருகிறது என்றால், அது ஒரு பெட்டியை வாங்கிப் பிரித்ததால் வந்ததில்லை.

சட்டத்துக்கும் ஒரு வார்த்தை

பிரிட்டனில் வீட்டில் பீர் செய்ய 1963 வரை உரிமம் வேண்டும். அதற்குப் பிறகு சொந்த உபயோகத்துக்கு வேண்டாம் என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் போன பிறகும் வீட்டு பீர் மட்டும் மத்திய சட்டத்தில் தடையாகவே கிடந்தது. 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். பெரியவர் ஒருவருக்கு வருடம் 100 கேலன், ஒரு வீட்டுக்கு 200 கேலன், விற்கக் கூடாது. வடிப்பது மட்டும் இன்றும் அனுமதி இல்லாமல் முடியாது. அதாவது, புளிக்க வைப்பதையும் வடிப்பதையும் பிரித்து, ஒன்றுக்கு அளவும் மற்றதற்குத் தடையும் வைத்தார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, கள் ஊற்றிப் புளிக்க வைத்த கள்ளப்பமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் தவறணையில் பனங்கள் விற்கிறார்கள். அங்கே பனைக்கென்று 1978 முதல் ஒரு சபையே இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் சொல்வதையும் கேட்கத்தான் வேண்டும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போகிற பெண்கள் வாரக் கூலியை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் அதில் பாதி குடிக்குப் போய்விடுகிற குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் கொஞ்சமில்லை. அவர்களிடம் போய் "வீட்டிலேயே பீர் போடும் உரிமை" என்று பேசினால் விளக்குமாற்றோடு வருவார்கள். நியாயம். வீட்டுக்குள்ளேயே மது தயாராகிறது என்றால் அதைக் குடிக்காமல் தடுப்பது யார் என்ற கேள்விக்கு எளிதான பதில் இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் கூலியைத் தின்பது எது? பனைமரத்துக் கள்ளும் இல்லை, பக்கெட் பீரும் இல்லை. 2003 முதல் அரசே சில்லறைக்கு விற்கிற பாட்டில். 2023-24இல் மட்டும் டாஸ்மாக் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை விற்றுக்கொண்டே, 5 சதவீதம் உள்ளதற்கான பாத்திரத்தை வைத்திருப்பது குற்றம் என்று சொல்வது மதுவிலக்கு ஆகாது. அதற்கு வியாபாரம் என்று பெயர்.

பட்டாசு விஷயத்தில் அரசுக்கு வழி தெரிந்திருக்கிறது. வெடிமருந்தைவிட ஆபத்தான பண்டம் இல்லை, ஆனாலும் 1884 முதல் வெடிபொருள் சட்டம் என்று ஒன்று வைத்து, உரிமம், அளவு, தூரம், ஆய்வு என்று ஒழுங்கு செய்யப் பார்க்கிறார்கள். குறை நிறைய இருக்கலாம், ஆனால் கொள்கை தெளிவு: எது எவ்வளவு ஆபத்தோ அதற்கு அவ்வளவு கட்டுப்பாடு. அதே தெளிவைக் கலயத்துக்கும் காட்டட்டும். முதலில் பனையேறிக்குக் கள் இறக்க உரிமமும் அளவும். மெத்தனாலுக்குத் தொழிற்சாலை வாசலிலேயே இரும்புக் காவல். வீட்டு பீர் எல்லாம் அதற்குப் பிறகு, ரொம்பப் பிறகு பேசிக்கொள்ளலாம். வரிசை முக்கியம்.

அதுவரை பக்கெட் வாங்கத் துடிக்கும் மாணவருக்குச் சொல்வதற்கு ஒன்றுதான். பணத்தை அதில் போட வேண்டாம். அதில் நாலில் ஒரு பங்குக்கு ஒரு தெர்மாமீட்டரும் தராசும் வாங்கலாம். மீதியில் பங்குனி பிறந்ததும் ஒரு பனையேறியைத் தேடிப் போய் ஒரு சொம்பு பதநீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுண்ணாம்பு எவ்வளவு தடவுகிறார், ஏன் அவ்வளவு என்று கேட்கலாம். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். பக்கெட் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.